அப்பாவின் முகமும் கொக்கின் இறகும்: டார்க்டேபிளில் மீண்டதும் மீளாததும்

அப்பா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜன்னல். காலை வெளிச்சம் பக்கவாட்டில் அடித்ததில் காது மடல் சிவப்பாகத் தெரிந்தது. கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனிதர். அன்றைக்கு ஏதோ ஒரு பொடி ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தார், அவ்வளவுதான்.

பின்திரையில் பார்த்தால் ஜன்னல் மட்டும் அருமையாக வந்திருந்தது. திரைச்சீலையின் நெசவு தெரிந்தது, வெளியே மரத்தின் இலைகள் தெரிந்தன. அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் வடிவத்தில் ஒரு கறுப்பு.

தப்பு என்னுடையது. அன்று விடியற்காலையில் கொக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். இருண்ட தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா தண்ணீரைப் பார்த்துவிட்டு “இருட்டாக இருக்கிறது” என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெளுத்துப்போகும். முதல் சில படங்கள் அப்படிப் போன பிறகுதான் கேமரா தானாகக் கணிக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை இரண்டு ஸ்டாப் கீழே இறக்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவில்லை. அப்பாவுக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் கேமரா ஏற்கெனவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. அதற்கு மேல் என்னுடைய இரண்டு ஸ்டாப். மொத்தத்தில் முகத்துக்கு வேண்டியதைவிட நான்கு ஸ்டாப் குறைவு. ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம். நான்கு ஸ்டாப் என்றால் பதினாறில் ஒரு பங்கு.

ஆக, ஒரே காலையில் இரண்டு விதமான கெட்டுப்போன படங்கள் என் கார்டில் இருந்தன. அளவுக்கு மீறி வெளுத்த கொக்கு ஒன்று, இருட்டில் மூழ்கிய அப்பா ஒன்று. இரண்டையும் டார்க்டேபிளில் போட்டுப் பார்த்தேன். மூன்று வருடமாக இந்த மென்பொருளில்தான் என் படங்கள் எல்லாம் போய் வருகின்றன. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது அந்த வாரத்தில்தான். அதனால் இந்த விமர்சனத்தை அந்த இரண்டு படங்களை வைத்தே எழுதுகிறேன்.

டார்க்டேபிள் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரா கோப்புகளை, அதாவது கேமரா சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, திருத்துவதற்கான கட்டற்ற மென்பொருள் இது. யோஹன்னஸ் ஹானிகா என்பவர் 2009-ல் தொடங்கியது. இன்று பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஆரம்பத்தில் லினக்ஸ், மேக் பயனர்களுக்கு மட்டும்தான். விண்டோஸுக்கு 2017 டிசம்பரில் 2.4 பதிப்போடு வந்தது. காசு கிடையாது, சந்தா கிடையாது. மூலப்படத்தை அது தொடவே தொடாது. நாம் செய்கிற மாற்றங்களை எல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் குறிப்பாக எழுதி வைக்கும். எத்தனை தடவை குளறுபடி செய்தாலும் கேமரா கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். கெட்டுப்போன படத்தை மீட்கிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

முதலில் அப்பா.

எக்ஸ்போஷர் மாட்யூலை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவியை, திறந்தேன். ஸ்லைடரை இழுத்தால் ஓர் எல்லை வரைக்கும்தான் போகும்; வலது கிளிக் செய்தால் எண்ணாகவே தட்டலாம். முதலில் இரண்டு என்று தட்டினேன். கறுப்பிலிருந்து சட்டையின் கோடுகள் வந்தன. மூன்று என்றதும் மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, பிறகு தாடை. மூன்றரையில் கண்கள் வந்தன. அவர் கோபமாக நிமிர்ந்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமே இல்லை, லேசாகச் சிரிப்பு வரப்போகிற முகம். கறுப்பு வடிவத்துக்குள் அது அத்தனை நேரமும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் மீட்க முடியும், முடியாது என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. என் கேமராவின் ரா கோப்பு 14 பிட். ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சத்தை 16,384 படிகளில் எண்ணிக் குறித்துக்கொள்ளும். இந்தப் படிகள் ஸ்டாப்புகளுக்குச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே பாதி, அதாவது 8,192 படிகள் போய்விடும். அதற்குக் கீழே உள்ள ஸ்டாப்புக்கு 4,096, அதற்கும் கீழே 2,048, இப்படிப் பாதி பாதியாகக் குறையும். சரியான எக்ஸ்போஷரில் அப்பாவின் கன்னம் நாலாயிரம் சுமாருக்கு விழுந்திருக்கும். நான்கு ஸ்டாப் குறைந்ததில் அது இருநூற்றைம்பது சுமாருக்கு இறங்கிவிட்டது. குறைவுதான். ஆனால் ஒரு முகத்தை வரைய இருநூற்றைம்பது படி போதும்.

அதே படத்தை கேமரா ஜேபெக்காகவும் சேமித்திருந்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று அதையும் திறந்து அதே அளவுக்குத் தூக்கினேன். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். அதில் அப்பாவின் முகம் முழுவதும் அடியில் இருக்கிற இருபது முப்பது படிகளுக்குள் அடங்கிக் கிடந்தது. தூக்கியதும் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. இருட்டில் நுணுக்கங்களை அது கைவிட்டுவிடும், தூக்கும்போது அந்தக் கட்டங்கள் மட்டும் மேலே வரும். நெற்றியில் படிக்கட்டு மாதிரி நிறம் மாறியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டார்க்டேபிளில் ஜேபெக்கையும் திருத்தலாம், திறக்கும், வேலை செய்யும். ஆனால் இந்த அளவுக்கு மூழ்கிய ஜேபெக்கை வைத்துக்கொண்டு மென்பொருளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

முகம் வந்த கையோடு நாய்ஸும், அதாவது படத்தில் இரைச்சலாகத் தெரியும் புள்ளிகளும், வந்தது. இதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தால், படத்துக்கும் அதில் இருக்கிற இரைச்சலுக்கும் உள்ள விகிதம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். எந்த மென்பொருளாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது, சமாளிக்கத்தான் முடியும். டார்க்டேபிளில் இதற்கு டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. கேமரா மாடல் வாரியாக, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) வாரியாக, எந்த சென்சார் எந்த அளவுக்கு நாய்ஸ் கொடுக்கும் என்று ஆட்கள் அளந்து அனுப்பிய விவரங்களை அது வைத்திருக்கிறது. மாட்யூலைப் போட்டதும் நம் கேமராவுக்கான அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல். என் படம் ஐஎஸ்ஓ 400-ல் எடுத்தது. அதற்குரிய அளவுக்கு மாட்யூல் வேலை செய்தது. ஆனால் நான் மேலே மூன்றரை ஸ்டாப் தூக்கியதால் கண்ணுக்குத் தெரிகிற நாய்ஸ் நாலாயிரம் ஐஎஸ்ஓ படத்தின் அளவுக்கு இருந்தது. பலத்தைக் கூட்டினேன். நாய்ஸ் போனது, அப்பாவின் தோலும் போனது. மெழுகு பூசின மாதிரி ஆகிவிட்டது. அறுபத்தெட்டு வயது முகத்தில் சுருக்கம் இல்லாமல் என்ன இருக்கிறது?

அப்புறம்தான் வேவ்லெட் முறைக்கு மாற்றினேன். அதில் ஒளிக்கு ஒரு வளைகோடு, நிறத்துக்கு ஒரு வளைகோடு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். நிறத்தின் நாய்ஸை, அந்தச் சிவப்புப் பச்சைப் புள்ளிகளை, நன்றாகவே அடக்கினேன். ஒளியின் நாய்ஸை ஏறக்குறைய விட்டுவிட்டேன். ஃபிலிம் மணல் மாதிரி ஒரு சொரசொரப்பு மிஞ்சியது, சுருக்கங்களும் மிஞ்சின. கறுப்புப் படங்களை மீட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: நிற நாய்ஸைத் துடையுங்கள், ஒளி நாய்ஸைத் துடைக்கப் பத்து தடவை யோசியுங்கள். கண் புள்ளிகளை மன்னிக்கும், மெழுகை மன்னிக்காது.

இப்போது ஜன்னல் பக்கம் பிரச்சினை. அப்பாவைத் தூக்கியதில் ஜன்னல் வெள்ளையாக எரிந்துபோனது. திரைச்சீலை இல்லை, இலை இல்லை. பதறத் தேவையில்லை. டார்க்டேபிள் உள்ளே 32 பிட் மிதப்புப் புள்ளி எண்களில் கணக்குப் போடுகிறது. வெள்ளைக்கு மேலே போன மதிப்பை அது வெட்டிப் போடுவதில்லை, வைத்துக்கொண்டிருக்கும். பின்னால் வரும் மாட்யூல் அதைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். அந்த மாட்யூலின் பெயர் டோன் ஈக்வலைசர். 2019 டிசம்பரில் 3.0 பதிப்போடு வந்தது. நான் இந்த மென்பொருளை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒலி ஈக்வலைசரில் பேஸ், ட்ரெபிள் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைப்போம் இல்லையா, அது மாதிரி இதில் வெளிச்சத்தை ஒன்பது பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மிக இருண்ட இடம் மைனஸ் 8, மிக வெளிச்சமான இடம் பூஜ்யம். எந்தப் பட்டையை வேண்டுமானாலும் தனியாக ஏற்றி இறக்கலாம். அதைவிட அழகு, பட்டை எண்ணே பார்க்கவேண்டியதில்லை. மவுஸைப் படத்தின் மேலேயே கொண்டுபோய் அப்பாவின் கன்னத்தில் வைத்துச் சக்கரத்தை உருட்டினால், கன்னம் இருக்கிற பட்டை தானாக ஏறும். ஜன்னலில் வைத்துக் கீழே உருட்டினால் ஜன்னல் இறங்கும். திரைச்சீலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே உருட்டினேன்.

முதல் முயற்சியில் அது சரியாக வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்பாவின் தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஓர் ஒளிவட்டம் விழுந்தது. சாமி படங்களில் வருவது போல. பழைய ஷேடோஸ் அண்ட் ஹைலைட்ஸ் மாட்யூலில் இது அடிக்கடி வரும் என்பதால்தான் அதை விட்டு இங்கே வந்தேன்; இங்கேயும் வந்தது. இரண்டு மாலை இதிலேயே போனது. விஷயம் இதுதான். டோன் ஈக்வலைசர் படத்தை நேராகப் பார்த்து வேலை செய்வதில்லை. படத்தை மங்கலாக்கி ஒரு கறுப்பு வெள்ளை மாஸ்க் செய்துகொண்டு, அதைப் பார்த்துத்தான் எந்த இடம் எந்தப் பட்டை என்று முடிவு செய்கிறது. என் படத்தில் அந்த மாஸ்க் சரியாக விரியாமல் இரண்டு மூன்று பட்டைகளுக்குள் குவிந்து கிடந்தது. மாஸ்கிங் பக்கத்துக்குப் போய், மாஸ்க்கின் எக்ஸ்போஷருக்கும் கான்ட்ராஸ்டுக்கும் பக்கத்தில் இருக்கிற மந்திரக்கோல் குறிகளைச் சொடுக்கியதும் அது ஒன்பது பட்டைகளுக்கும் பரவியது. மாஸ்க்கைத் திரையில் காட்டுகிற பொத்தானையும் அழுத்தி, தலைமுடியின் விளிம்பும் மாஸ்க்கின் விளிம்பும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மென்மையைக் குறைத்தேன். வட்டம் போய்விட்டது.

இந்த மாஸ்கிங் பக்கத்தைத் திறக்காமலேயே டோன் ஈக்வலைசரைப் பயன்படுத்திவிட்டு, “ஒன்றும் சரியாக வரவில்லை” என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்த நண்பர்களிலேயே மூன்று பேர் உண்டு. முதல் பக்கத்தில் அந்த மாட்யூல் சும்மா ஸ்லைடர்களைக் காட்டுகிறது. மாஸ்க் முக்கியம் என்று சொல்லுவதே இல்லை. இது வடிவமைப்பில் இருக்கும் குறை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கொக்கு.

காம்பென்சேஷனை இறக்குவதற்கு முன்னால் எடுத்த முதல் படம். கழுத்தை நீட்டி, அலகில் ஒரு மீன், மீனிலிருந்து ஒரு துளி தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணம் திரும்ப வரவில்லை. பிறகு எடுத்த சரியான எக்ஸ்போஷர் படங்கள் எல்லாவற்றிலும் கொக்கு சும்மா நின்றுகொண்டிருந்தது.

இந்தப் படத்தில் எக்ஸ்போஷரைக் கீழே இறக்கினால், கழுத்துப் பக்கம் இறகுகள் வந்தன, முதுகு சாம்பல் நிறத் தகடு மாதிரி ஆனது. வெள்ளை வெள்ளையாக இருந்தபோதாவது ஒரு பிரகாசம் இருந்தது. இறக்கியபோது காகிதத்தில் வெட்டி ஒட்டின கொக்கு.

சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு சின்னப் பாத்திரம் மாதிரி. நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அது காட்டுவது ஒரே அளவுதான். இருட்டில் குறைவாக இருக்கும், ஆனால் இருக்கும். வெளுப்பில் எல்லா இறகும் ஒரே எண்ணாகிவிடுகின்றன, ஓர் இறகுக்கும் அடுத்த இறகுக்கும் வித்தியாசமே பதிவாவதில்லை. ஆனாலும் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை, ஏனென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிரம்பும். மற்ற இரண்டில் இன்னும் கொஞ்சம் செய்தி மிச்சமிருக்கும். அதை வைத்துப் பச்சையை ஊகித்து நிரப்புவதுதான் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் மாட்யூல்.

எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்தேன். டார்க்டேபிளில் ரா அளவில் எந்த நிறம் எங்கே நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற ஒரு குறி இருக்கிறது, படத்துக்குக் கீழே. கேமராவின் பின்திரையில் வரும் ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம், ஜேபெக்கைப் பார்த்துப் போடுவது. அது போய்விட்டது என்று சொல்கிற இடம் ராவில் சில நேரம் போயிருக்காது. இந்தக் குறிதான் உண்மையைச் சொல்லும். கழுத்தில் பச்சை மட்டும் போயிருந்தது. சிறகின் ஓரத்தில் பச்சையும் நீலமும். முதுகின் நடுவில் மூன்றுமே.

படம் அப்படியே அந்த வரைபடத்தின்படிதான் மீண்டது. 4.2 பதிப்பிலிருந்து இருக்கிற இன்பெயின்ட் ஆப்போஸ்ட் முறையில் கழுத்தின் இறகுகள் ஒவ்வொன்றும் வந்தன, இழை இழையாக. முன்பெல்லாம் இந்த மாதிரி இடங்களில் இளஞ்சிவப்புச் சாயம் ஏறும். பச்சை நிரம்பி நின்றிருக்க, வெள்ளைச் சமநிலைக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது வருவது அது. இப்போது வரவில்லை. சிறகின் ஓரம் பரவாயில்லை. முதுகு வரவில்லை. கைடட் லாப்லேசியன்ஸ் முறையையும் போட்டுப் பார்த்தேன். கணினி வெகு நேரம் யோசித்துவிட்டு, பக்கத்து நிறத்தை உள்ளே மென்மையாகப் பரப்பிக் கொடுத்தது. வெளுப்பின் விளிம்பு உறுத்தாமல் ஆனது, இறகு வரவில்லை. இல்லாத இறகை அது வரையவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த இடத்தில் ஏதாவது ஓர் இறகு வரைந்து கொடுத்திருந்தால், அது எந்தக் கொக்கின் இறகு?

கடைசியில் முதுகை வெள்ளையாகவே விட்டேன். கழுத்தையும் மீனையும் துளியையும் மட்டும் பார்க்கும்படி வெட்டினேன். வெட்டுவதும் மீட்பில் சேர்த்திதான்.

இந்தப் படத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சந்தேகமான வெளிச்சம் என்றால் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன், ராவில். இருட்டிலிருந்து தூக்கலாம், வெள்ளையிலிருந்து இறக்க முடியாது. ரொம்பவும் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பாவின் படத்தில் பார்த்தாயிற்று.

மேடை வெளிச்சத்தில் எடுத்த ஒன்றிரண்டு படங்களையும் முயன்றேன். சிவப்பு விளக்கு மட்டும் அடித்த முகங்கள். சிவப்பு நிரம்பி வழிந்திருக்கிறது, பச்சையும் நீலமும் ஏறக்குறைய இல்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றியபோதுதான் முகம் முகமாக இருந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டார்க்டேபிளில் எனக்குப் பிடிக்காதவை என்று கேட்டால், நிறையவே சொல்வேன். ஒரே வேலையைச் செய்ய நான்கு மாட்யூல்கள். கான்ட்ராஸ்டைக் கூட்ட ஃபில்மிக், சிக்மாய்டு, கலர் பேலன்ஸ், லோக்கல் கான்ட்ராஸ்ட், இன்னும் பழையவை. இதில் எதைத் தொடவேண்டும், எவற்றைச் சேர்த்துத் தொடக்கூடாது என்று புதிதாக வருகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. ஃபில்மிக்கும் சிக்மாய்டும் ஒன்றுக்கொன்று மாற்று, இரண்டையும் சேர்த்துப் போட்டால் படம் சேறாகிவிடும். நான் சிக்மாய்டோடு நின்றுவிட்டேன், அதில் ஸ்லைடர் குறைவு. கையேடு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் இயற்பியல் தெரிந்தவருக்காக எழுதினது போல இருக்கும். எக்ஸ்போஷர் மாட்யூலிலேயே பிளாக் லெவல் கரெக்ஷன் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. கறுப்பை ஆழமாக்கத்தான் இருக்கிறது என்று நினைத்து ஒரு வருடம் அதை இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அந்த ஸ்லைடரைத் தொடக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது.

நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் நாய்ஸ் மாட்யூல் போட்டதும் எல்லாம் நின்று நின்று போகும். நான் நாய்ஸை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். எந்த வரிசையில் மாட்யூலைப் போட்டாலும் உள்ளே கணக்கு அதற்கென்று ஒரு வரிசையில்தான் ஓடும், அதனால் கடைசியில் போட்டதால் ஒன்றும் கெடாது. கைபேசியில் டார்க்டேபிள் கிடையாது. அவசரமாக ஒரு படத்தைச் சரிசெய்து அனுப்பவேண்டும் என்றால் இது உதவாது. அடோபியின் லைட்ரூம் மென்பொருளை வைத்திருப்பவர்கள் வெறும் நிழல் தூக்குவதற்காக இதற்கு மாறவேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இரண்டு ஸ்லைடரில் பத்து நொடியில் நடக்கிற வேலைக்கு இங்கே பத்து நிமிடம் ஆகும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எந்த இடம், எவ்வளவு, ஏன் என்று ஒவ்வொன்றும் நம் கையில் இருக்கிறது. என் அப்பாவின் முகத்துக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க நான் தயார்.

படம் முடிந்தது என்று நினைத்து மடிக்கணினியை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் தெளிவாக, ஜன்னல் தெளிவாக, மேசைக்கு அடியில்கூடத் தரையின் கோடுகள் தெளிவாக. எதையும் இருட்டில் விடவில்லை.

அம்மா வெகு நேரம் பார்த்தார். “அப்பா நல்லா வந்திருக்காரு. ஆனா இது நம்ம ரூம் மாதிரி இல்லையே.”

“ஏம்மா?”

“அந்த ரூம்ல காலையில விளக்குப் போடாம நான் ஊசியில நூல் கோத்ததில்ல. இதுல எங்க பாத்தாலும் பளிச்சுனு இருக்கு.”

அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதாகவே தெரியவில்லை. அறை முழுக்க ஒரே சமமான வெளிச்சம், மருத்துவமனைக் கூடம் மாதிரி. மூன்று நாளாகக் கறுப்போடு மல்லுக்கட்டியதில், கறுப்பு எல்லாமே எனக்குத் தப்பாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அறையின் இருட்டு தப்பே இல்லை. அப்பாவின் முகம் இருட்டியதுதான் தப்பு.

திரும்ப உட்கார்ந்தேன். Ctrl-ஐயும் B-ஐயும் சேர்த்து அழுத்தினால் படத்தைச் சுற்றி நடுத்தரச் சாம்பலும் வெள்ளைச் சட்டமும் வரும். கறுப்புத் திரையில் பார்த்துப் பார்த்து ஏமாறும் கண்ணுக்கு அது ஒரு தராசு. அதை வைத்துக்கொண்டு மொத்த எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் இறக்கினேன். டோன் ஈக்வலைசரில் அடிப்பட்டைகள் மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மேசைக்கு அடியில் தரை மறைந்தது. சுவரின் மூலை மறைந்தது. நாய்ஸ் பாதிக்கு மேல் அதோடு மறைந்துவிட்டது, அது குடியிருந்ததே அங்கேதான். முகத்தில் ஜன்னல் பக்கக் கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் நிழலாகவும் திரும்ப ஆனது. ஸ்நாப்ஷாட் எடுத்து நடுவில் கோட்டை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். முதலாவதில் அப்பாவை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் உட்கார்ந்திருந்தார்.

பழையதை அழிக்கவில்லை. டூப்ளிகேட் மேனேஜரில் ஒரே ராவுக்கு இரண்டு வடிவங்களாக வைத்துக்கொண்டேன். இடமும் அடைக்காது, இரண்டு சின்ன எக்ஸ்எம்பி கோப்புகள்தான்.

அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். இரண்டாவதைப் பார்த்துத் தலையாட்டினார், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. முதலாவதைத்தான் இழுத்து வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“இதைக் கொஞ்சம் பெரிசு பண்ணும்மா. இந்தக் கீழ்ப்பக்கம்.”

மேசைக் காலுக்கு அடியில், நான் கஷ்டப்பட்டுத் தூக்கி, அப்புறம் மறைத்துவிட்ட அந்தத் தரையில், நாய்ஸுக்கு நடுவே நான்கைந்து பிக்சல் அகலத்துக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. எனக்கு அது ஹாட் பிக்சல் மாதிரி, சென்சாரின் கோளாறால் தானாக ஒளிர்கிற புள்ளி மாதிரி, இருந்தது. அதைத் துடைக்கவும் ஒரு மாட்யூல் இருக்கிறது.

அப்பா அதற்குள் எழுந்து டார்ச்சை எடுக்கப் போய்விட்டார்.